மலைக் குதிரைகள், கடல் மணல்

மஸிபானே கடற்கரை,
இன்யாம்பானே, மொசாம்பிக்
மே 19

மோசாவின் அப்பாவுக்கு,

நானும் நான்கு குதிரைகளும் உயிரோடு வந்து சேர்ந்துவிட்டோம். நீங்கள் சுகமா என்று கேட்டால் ஒரே சொல்லில் பதிலை முடித்துவிடுவீர்கள். போனில் அந்தச் சொல்லும் கிடையாது, ‘ஊம்’ மட்டும்தான். அதனால்தான் கடிதம் எழுதுகிறேன். பஸ் ஓட்டுநர் ஒருவர் இதை மசேருவரை கொண்டுபோய் மோசாவிடம் கொடுப்பார். அவள் மலைக்கு அனுப்பிவைப்பாள்.

முதலில் கோபத்தை எழுதி முடித்துவிடுகிறேன், பிறகு செய்திகள். பட்டிக் கதவைச் சாத்திவிட்டு வருகிறேன் என்று லாரியிலிருந்து இறங்கினீர்கள். கதவைச் சாத்தினீர்கள், ஆனால் அதன் உள்பக்கமே நின்றுகொண்டீர்கள். ஓட்டுநர் மூன்று முறை ஹாரன் அடித்தான். “அம்மா, ஐயா வர்றாரா இல்லையா? இருட்டுறதுக்குள்ள நான் எல்லைக்குப் போகணும்” என்றான். “அவர் வரல. நீ எடு” என்றேன். குதிரைகளை இறக்கு என்று நீங்கள் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. நானும் இறங்கியிருக்கலாம், இறங்கவில்லை. இருபத்து நான்கு வருஷத்தில் நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பிடிவாதம் பிடித்தது அன்றைக்குத்தான். கடலோரத்துக்குப் போவோம், அங்கே சுற்றுலாக்காரர்களுக்குக் குதிரைச் சவாரி நடத்துவோம் என்று இரண்டு குளிர்காலமாகப் பேசியது நீங்கள். கடைசியில் கிளம்பியது நான். கோபம் முடிந்தது.

எல்லையில் இரண்டு நாள் போயிற்று. குதிரைகளின் ரத்தப் பரிசோதனைத் தாளில் ஒரு முத்திரை மங்கலாக இருந்ததாம். அதிகாரி பூலாவைச் சுற்றிச் சுற்றி வந்து, “இவ்வளவு குட்டையா இருக்கே, இதுக்குக் குதிரைன்னு யார் பேர் வெச்சது?” என்று கேட்டார். “ஏறிப் பாருங்க, அதுவே சொல்லும்” என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. முத்திரை மறுநாள் மாலைதான் விழுந்தது. அந்த வெயிலில் வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து நான்கையும் நனைத்துக்கொண்டே இருந்தேன். நாலேடியும் குவேலியும் தாங்கிக்கொண்டன. லெஃபிகாதான் தலையைத் தொங்கப்போட்டது. அதற்கு வயதும் ஆகிறதே.

உங்கள் சுரங்கத்துச் சிநேகிதர் ஸெஃபானியாஸ் சாலைவரை வந்து காத்திருந்தார். முன்பல் இரண்டு போய்விட்டது, ஆனால் நம் சோத்தோ மொழியை மறக்கவில்லை, சுரங்கத்து வசவுகள் உட்பட. இறங்கியதும் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். “சியாபாதா எங்கம்மா?” என்று உங்களைத்தான் கேட்டார். பின்னால் வருகிறார் என்று சொல்லிவிட்டேன். இந்த ஊரில் நான் சொன்ன முதல் பொய் அது. அவர் மனைவி ஃபெலிசார்டா என் முகத்தைப் பார்த்தாள், எதுவும் கேட்காமல் சோறு போட்டாள். மரவள்ளிக் கீரையை இடித்துத் தேங்காய்ப்பாலும் நிலக்கடலையும் விட்டு வேகவைத்தது. நம் கீரையை நினைத்து வாயில் வைத்தேன், வேறு ஏதோ. ஆனால் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

அவர்களுடைய தென்னந்தோப்பில் கடல் பார்த்த ஓரத்தை நமக்கு விட்டிருக்கிறார்கள். நான் குதிரைகளைத் தென்னை மரத்தில் கட்டியதைப் பார்த்து ஸெஃபானியாஸ் கத்திக்கொண்டே ஓடி வந்தார். “அவிழ்த்து விடு, அவிழ்த்து விடு. தேங்கா மண்டையில விழுந்தா உன் குதிரையே சோத்தோவுல திட்டும்” என்றார். அன்றைக்கே நான்கு முளைக்கம்புகள் அடித்துக் கொடுத்தார்.

கடலைப் பற்றி எழுத வேண்டும். நம் குதிரைகள் பனியைப் பார்த்திருக்கின்றன, பாறையைப் பார்த்திருக்கின்றன. அலை திரும்பிப் போகும்போது காலடியில் தரையே நகர்கிறதே, அதை அவை நம்பவில்லை. ஒவ்வொரு நாளும் காலையில் கொண்டுபோய் நிறுத்துகிறேன். நான் முன்னால் இறங்கி முழங்கால்வரை நிற்கிறேன். எனக்கு நீச்சல் தெரியாது என்பது அவற்றுக்கும் தெரியும் போலிருக்கிறது. பதினோராம் நாள் பூலா ஒரு காலை வைத்தது. எடுத்தது. மறுபடி வைத்தது. மீனவர்கள் வலையைப் போட்டுவிட்டுக் கை தட்டினார்கள். மற்ற மூன்றும் இன்னும் கரையில்தான்.

லெஃபிகா சரியாகத் தின்பதில்லை. வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது. என்ன செய்யலாம் என்று எழுதுங்கள். வேறு எதைப் பற்றியும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

காற்று கிளம்பும் முன் நெஞ்சை மூடிக்கொள்ளுங்கள்.

கம்பளியை மடித்துத் தலையணையாக வைத்திருக்கும்,
மோசாவின் அம்மா,
கெனுவே


மஸிபானே
செப்டம்பர் 30

மோசாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதங்கள் இரண்டும் வந்தன. முதலாவதில் நான்கு வரி, இரண்டாவதில் ஐந்து. முன்னேற்றம்தான்.

தரையில் தீனி போடாதே, மணல் வயிற்றில் சேரும் என்று எழுதியிருந்தீர்கள். கடற்கரையையே பார்க்காத மனிதருக்கு இது எப்படித் தெரிந்தது என்று ஸெஃபானியாஸுக்கு ஆச்சரியம். ஃபெலிசார்டாவின் அண்ணன் கிழிந்துபோன படகுப் பாய் ஒன்று கொடுத்தார். அதை விரித்து அதன் மேல்தான் இப்போது நான்குக்கும் சாப்பாடு. தவிட்டில் எண்ணெய் விட்டு ஒரு வாரம் கொடுத்தேன். லெஃபிகா போட்ட சாணத்தைத் தண்ணீரில் கரைத்துப் பார்த்தால் அடியில் ஒரு கை மணல். இப்போது தின்கிறது, சண்டையும் போடுகிறது. கடிதத்துக்குக் கடிதம் அதன் பெயரை எழுதிக் கேள்விக்குறி போடுகிறீர்களே, அதற்கான பதில் இது. அது நன்றாக இருக்கிறது.

நான்கும் கடலில் இறங்குகின்றன. இடுப்பளவு தண்ணீரில் சேணமில்லாமல் ஏறிப் போவதுதான் இங்கே வருகிறவர்களுக்குப் பிடித்திருக்கிறது. குவேலிக்கு அலையைக் கண்டால் விளையாட்டு. முதலில் ஏறியவர்கள் ஜெர்மனியிலிருந்து வந்த ஆசிரியத் தம்பதி. அந்த அம்மாள் இறங்கியதும் அழுதாள். பயந்துவிட்டாளோ என்று நினைத்தேன். இல்லையாம், சந்தோஷமாம். அவர்கள் போய்ச் சொல்லித்தான் பக்கத்து வெள்ளைக்காரர் விடுதி தன் விருந்தினர்களை வாரத்துக்கு மூன்று நாள் என்னிடம் அனுப்ப ஆரம்பித்தது. விடுதி மேலாளர் கோபுஸ் தென்னாப்பிரிக்காக்காரர். சத்தமாகப் பேசுவார், சொன்ன நேரத்துக்கு ஆட்களை அனுப்பிவிடுவார். ‘அனுப்புவார்’ என்று இனி எழுதக் கூடாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

சவாரிப் பாதையில் தண்ணீரைத் தாண்டும் இடம் எதுவும் இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். முதல் கடிதத்தில் நான் எழுதாமல் விட்டதைச் சரியாகப் பிடித்துவிட்டீர்கள். இருக்கிறது. வடக்கே ஒரு மணி நேரத்தில் ஒரு கழிமுக ஓடை. அதன் அந்தப் பக்கத்து மணல்திட்டில் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக நிற்கும். கடல் வற்றியிருக்கும்போது ஓடை கணுக்கால் அளவு. ஏறும்போது குதிரையின் கழுத்தளவு. எப்போது தாண்டலாம், எப்போது கூடாது என்று ஸெஃபானியாஸ் எனக்கு ஒரு மாதம் சொல்லிக்கொடுத்தார். கரையில் ஒரு அலையாத்தி மரம் இருக்கிறது. அதன் வளைந்த வேர் தண்ணீரில் மறைந்துவிட்டால் திரும்பிவிட வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை விடுதியிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். வழியெல்லாம் படம் எடுத்துத் தாமதமாகிவிட்டது. ஓடைக்குப் போனபோது வேர் தெரியவில்லை. திரும்பலாம் என்றேன். அவர்களில் ஒருவர் நல்ல உயரமான மனிதர். பூநாரைக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தோம், தண்ணீர் முழங்கால்கூட இல்லையே என்று வாதாடினார். சொல்லிப் பார்த்துவிட்டுக் கோபுஸுக்குப் போன் போட்டார். கோபுஸ் ஜீப்பில் கரைக்கே வந்துவிட்டார்.

“கெனுவே, பத்து நிமிஷ வேலை. கூட்டிட்டுப் போயிட்டு வா” என்றார்.

ஓடை அமைதியாகத்தான் இருந்தது. அந்தப் பக்கம் ரோஜா நிறத்தில் பறவைகள். மூன்று பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ‘சரி, போகலாம்’ என்ற வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை. அவர்களை ஏமாற்ற மனமில்லை, அவ்வளவுதான். நல்ல குணத்திலிருந்துதான் அந்த வார்த்தை வருகிறது.

“இன்னைக்கு இல்லை” என்றேன்.

“இன்னைக்குப் போகலைன்னா நாளையிலேர்ந்து என் ஆளுங்க உன்கிட்ட வர மாட்டாங்க. வேற குதிரைக்காரி கிடைக்க மாட்டாளா எனக்கு?”

“கிடைச்சா அனுப்புங்க. இந்த ஓடையைப் பத்தி அவளுக்கும் நான் சொல்லித் தர்றேன்.”

கடிவாளங்களைப் பிடித்து மூன்று குதிரைகளையும் நானே திருப்பினேன். மறுநாள் விடுதியிலிருந்து யாரும் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

இப்போது நான் சொல்லப்போவதைப் பாதியில் மடித்து வைக்காமல் படியுங்கள். அன்று மாலை ஸெஃபானியாஸ் ஓடைப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அன்றைக்குக் கடல் வழக்கத்தைவிடக் குறைவாகத்தான் ஏறியதாம். மணல்திட்டு முழுகவே இல்லையாம். நான் கூட்டிப் போயிருந்தால் பறவைகளைப் பார்த்துவிட்டுச் சுகமாகத் திரும்பியிருப்போம்.

மூன்று வருஷத்துக்கு முன் நம் ஆற்று வெள்ளம், உங்கள் சவாரிக்கு வந்த அந்த டச்சுப் பெண் அனெக்கேயை அடித்துக்கொண்டு போனபோது, உங்கள் மேல் தப்பில்லை என்று விசாரணைக்காரர்கள் எழுதினார்கள். ஊர்த் தலைவர் சொன்னார். அவளைப் பெற்றவர்களே வந்து உங்கள் கையைப் பிடித்துச் சொன்னார்கள். நானும் சொன்னேன். “நான்தான் போகலாம்னு சொன்னேன்” என்று ஒரே ஒரு முறை சொன்னீர்கள். அதற்கப்புறம் குதிரை ஏறவில்லை. நாங்கள் எல்லோரும் உங்களுக்கு ஆறுதல் சொன்னோமே தவிர, நீங்கள் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. இப்போது வாங்கிக்கொள்கிறேன். ஆமாம், நீங்கள்தான் சொன்னீர்கள். அந்த வார்த்தை உங்களுடையதுதான். ஆனால் அதே வார்த்தை என் வாயிலும் இருந்தது. நான் அதைச் சொல்லியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. நீங்கள் சொன்ன அன்று ஆகிவிட்டது. நம் இரண்டு பேருக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான். நான் வேண்டாம் என்று சொன்னதே உங்களால்தான் என்றும் எழுதிவிடுகிறேன்.

விடுதியை நம்பி இருக்கப் போவதில்லை. ஊர்ச் சந்தையிலும் பஸ் நிறுத்தத்திலும் போய் நிற்கப் போகிறேன். நாலேடியின் மேல் உட்கார்ந்து போனால் விளம்பரப் பலகைகூடத் தேவையில்லை, ஊரே பின்னால் வருகிறது.

உங்களுக்கு நல்ல உறக்கம் வரட்டும்.

மோசாவின் அம்மா,
கெனுவே


மஸிபானே
மார்ச் 8

மோசாவின் அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை ஆரம்பித்துக் கிழித்தேன். லெஃபிகா போய்விட்டது. பிப்ரவரி இரண்டாம் தேதி, மதியம். பிப்ரவரி நடுவில் பஸ்ஸில் அனுப்பிய துண்டுச் சீட்டில் நான்கும் நலம் என்று எழுதினேனே, அது பொய். உங்கள் கடிதத்தில் லெஃபிகாவின் பெயரைப் போட்டுக் கேள்விக்குறி வைத்திருந்தீர்கள். அந்தக் கேள்விக்குறிக்கு எதிரில் உண்மையை எழுத அன்றைக்கு என் கை வரவில்லை. மன்னியுங்கள்.

எப்படி என்று கேட்பீர்கள். மழைக்கு அப்புறம் இங்கே கொசுவைவிடச் சின்னதாக ஒரு பூச்சி வருகிறது. பொழுது சாய்ந்தால் கிளம்பும், விடிந்தால் போகும். அது கடித்தால் குதிரைக்குக் காய்ச்சல். கிளம்புவதற்கு முன் நான்குக்கும் நாம் ஊசி போட்டோம், எனக்கும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் அந்த நோயில் பல வகையாம், எல்லாவற்றையும் அந்த ஊசி தடுக்காதாம். மாவட்டக் கால்நடை டாக்டர் ஒரு இளம்பெண். மோட்டார் சைக்கிளில் இரண்டு மணி நேரம் வந்து பார்த்துவிட்டு இதைச் சொன்னாள். முதல் நாள் லெஃபிகாவின் கண்ணுக்கு மேலே குழி இருக்குமே, அந்த இடம் வீங்கியிருந்தது. வெயில் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் மூச்சு வாங்கியது. மூன்றாம் நாள் மூக்கிலிருந்து நுரை வந்தது. அப்போது டாக்டர் என் தோளைத் தொட்டு, “அக்கா, இதுக்கு மேல மருந்து இல்லை. பக்கத்துல இருங்க, அது போதும்” என்றாள். இருந்தேன். அதன் காதில் உங்கள் பெயரைச் சொன்னேன். அது கேட்டதா என்று தெரியாது, காது மட்டும் திரும்பியது.

மீனவர்கள் எட்டுப் பேர் சேர்ந்து குழி வெட்டினார்கள். மணல் சரியச் சரிய வெட்டினார்கள், ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ஃபெலிசார்டா தன் புதுத் துணியைக் கொண்டுவந்து அதன் முகத்தை மூடினாள். வேண்டாம், நல்ல துணி என்றேன். “நல்ல குதிரை” என்றாள்.

அன்றைக்கு ஸெஃபானியாஸ் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். பிறகு, மீதி மூன்றையும் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போய்விடு, உன்னை யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்றார். மோசாவும் போனில் அழுதாள். “அம்மா, போதும்மா. நீ யாருக்கு எதை நிரூபிக்கணும்?” என்று கேட்டாள். அவளுக்கு நான் சொன்ன பதிலை உங்களுக்கும் எழுதுகிறேன். நான் எதையும் நிரூபிக்க வரவில்லை. எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. நம் மலையில் நான் உங்களுடைய சவாரிக்குச் சமைத்துக் கொடுத்தவள். இங்கே முன்னால் போகிற குதிரையில் இருப்பவள். நாற்பத்தைந்து வயதில் எனக்குக் கிடைத்த இந்த இடத்தை ஒரு பூச்சிக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அதனால் இப்படிச் செய்தோம். தென்னை மரத்தூண் நட்டு, கீற்று வேய்ந்து லாயம் கட்டினோம். கொசுவலையைவிட நெருக்கமான வலைத்துணியைத் தலைநகர் மபூட்டோவிலிருந்து வரவழைத்தேன். ஃபெலிசார்டாவும் இன்னும் ஐந்து பெண்களும் நான்கு நாள் உட்கார்ந்து அதைச் சுவர் சுவராகத் தைத்தார்கள். வெயில் தாழும் முன் மூன்றையும் உள்ளே விட்டு, வாசலில் தேங்காய் மட்டையைப் புகைய விடுகிறோம். காலையில் வெயில் நன்றாக ஏறியபின்தான் வெளியே. அதனால் விடியற்காலைச் சவாரியும் அந்திச் சவாரியும் இந்த மாதங்களில் கிடையாது. படம் எடுக்க அதுதான் நல்ல நேரம் என்று சிலர் திரும்பிப் போகிறார்கள். போகட்டும். ஐந்து வாரமாகிறது, மூன்றுக்கும் காய்ச்சல் இல்லை. தினமும் இரண்டு முறை கண்ணுக்கு மேலே விரல் வைத்துப் பார்க்கிறேன்.

நல்லதும் ஒன்று எழுத வேண்டுமே. டிசம்பரில் மபூட்டோவிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் விடுமுறைக்கு வந்தார்கள். அவர்களிடம் யாரும் குதிரைச் சவாரி என்று கேட்டதே இல்லையாம். வெளிநாட்டுக்காரர்களுக்குத்தான் அது என்று நினைத்திருந்தார்கள். நான் சந்தையில் போய்க் கேட்டேன், வரிசையில் நின்றார்கள். ஒரு மீன் வியாபாரியின் மகள் தன் கல்யாணத்துக்கு நாலேடியின் மேல்தான் வந்து இறங்கினாள். மாமியார் பக்கத்து ஆட்கள் குதிரையைப் பார்த்துப் பயந்து வழிவிட்டார்கள். “இப்படி வழிவிட்டா வாழ்க்கை பூரா வசதியா இருக்கும்” என்று மணப்பெண் மேலேயிருந்து சொன்னாள். அதற்கப்புறம் ஐந்து கல்யாணத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். நாலேடிக்குப் பூ கட்டினால் தின்றுவிடுகிறது, அது ஒன்றுதான் தொல்லை.

லெஃபிகா உங்கள் குதிரை. கூட்டிக்கொண்டு வந்தது நான். நீங்கள் திட்டி எழுதினாலும் முழுக்கப் படிப்பேன். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

மோசாவின் அம்மா,
கெனுவே


மஸிபானே
ஜூன் 14

மோசாவின் அப்பாவுக்கு,

மூன்று மாதம் உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. போன வாரம் பஸ் ஓட்டுநர் ஒரு பொட்டலம் கொடுத்தார். உங்கள் பழைய கம்பளித் துண்டில் சுற்றி, குளம்பு வெட்டும் கத்தியும் இடுக்கியும் அரமும். கடிதம் இருக்கும் என்று துண்டை மூன்று முறை உதறினேன். ஃபெலிசார்டா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “எங்க வீட்டுக்காரர் இரும்பு அனுப்பினா நான் சண்டைக்குத்தான்னு நினைப்பேன்” என்றாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம் மலையில் பாறையே குளம்பைத் தேய்த்துவிடும். இங்கே மணலில் அது வளர்ந்துகொண்டே போகிறது. நான் உங்களுக்கு அதை எழுதவே இல்லை. நீங்களாக யோசித்திருக்கிறீர்கள். மூன்று மாதமும் என்னோடு பேசாமல், என் குதிரைகளின் காலைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

மோசாவின் கடிதம் அதற்கு இரண்டு நாள் கழித்து வந்தது. லெஃபிகா செய்தியைப் படித்த மறுநாள் நீங்கள் பக்கத்துப் பட்டிக்காரரின் குதிரையைக் கேட்டு வாங்கி, ஏறி, தனியாக ஆற்றுத் துறைவரை போனீர்களாம். தண்ணீருக்கு முன்னால் இறங்கி நெடுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, பிறகு அந்தப் பக்கம் தாண்டி, திரும்பவும் தாண்டி வந்தீர்களாம். மேய்ப்பர்கள் பார்த்திருக்கிறார்கள். ஆறு வற்றிக் கிடந்த நேரம்தான், இருந்தாலும் மூன்றரை வருஷத்துக்கப்புறம். நீங்கள் என்னிடம் சொல்லாததை நான் கேட்கப் போவதில்லை. மோசா எழுதியதைப் படித்துவிட்டு நான் வெளியே போய்ப் பூலாவுக்குத் தண்ணீர் வைத்தேன். அது குடித்து முடித்த பிறகும் வாளியைப் பிடித்துக்கொண்டே நின்றிருந்தேனாம், ஸெஃபானியாஸ் சொன்னார்.

இங்கே செய்தி இது. சுற்றுலா உரிமம் வந்துவிட்டது. பத்து மாதம் நடந்தேன். கடைசியாகப் போனபோது அலுவலகத்து மனிதர் எழுந்து நின்று நாற்காலி போட்டார், இனி இந்த அம்மாளை வரவழைக்கக் கூடாது என்று முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது. தாளில் என் பெயரும் ஸெஃபானியாஸின் பெயரும் இருக்கின்றன. இரண்டு வட்டக் குடிசைகள் கட்டுகிறோம், நம் ஊர் வடிவத்தில். கல் கிடையாது, அதனால் தென்னை மரமும் கீற்றும். குடிசை கோணலாக இருக்கிறது என்று மீனவர்கள் கேலி செய்கிறார்கள். உருண்டையான வீட்டில் மூலை எங்கே, துடைப்பத்தை எங்கே சாத்துவாய் என்று ஒரு கிழவர் கவலைப்பட்டார். ஆகஸ்ட் மாதத்துக்கு இப்போதே ஆட்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். விடுதிக் கோபுஸ் போன வாரம் வந்தார். தன் விருந்தினர் சிலர் கேட்கிறார்கள், அனுப்பலாமா என்றார். அனுப்புங்கள், ஆனால் ஓடையில் நான் சொல்வதுதான் பேச்சு என்றேன். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். சரி என்றார்.

குளம்பு வெட்ட எனக்கு ஆளில்லை, வந்து உதவுங்கள் என்று எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். அது பொய்யாகிவிடும். உங்களுக்கு இனிப் பொய் எழுதுவதில்லை என்று மார்ச்சில் முடிவு செய்தேன். நானே வெட்டுகிறேன். முதலில் குவேலி என்னை ஒரு உதை உதைத்தது, இப்போது காலைத் தானே தூக்கிக் கொடுக்கிறது. கணக்குக்கு ஸெஃபானியாஸ் இருக்கிறார், தையலுக்கு ஃபெலிசார்டா இருக்கிறாள், நோய்க்கு அந்த டாக்டர் பெண் இருக்கிறாள். உங்களைக் கூப்பிட என்னிடம் ஒரு காரணமும் மிச்சமில்லை. வேலைக்காக இங்கே நீங்கள் தேவைப்படவில்லை.

இருந்தாலும் வழியை எழுதி வைக்கிறேன். மசேருவிலிருந்து காலையில் ஜொஹான்னஸ்பர்க் போகும் வண்டியில் ஏறினால் மதியத்துக்குள் போய்விடலாம். அங்கே மபூட்டோ பஸ் நிற்கும் இடம் ஸ்டேஷனுக்குப் பின்புறம், நம் சுரங்கத்து ஆட்களிடம் கேட்டால் காட்டுவார்கள். எல்லையில் அந்த அதிகாரி இருந்தால் குட்டைக் குதிரைக்காரியின் ஊர் என்று சொல்லுங்கள், ஞாபகம் வைத்திருப்பார். மபூட்டோவில் இறங்கி இன்யாம்பானே பஸ் மாற வேண்டும். இடது பக்க ஜன்னலில் உட்காராதீர்கள், மதிய வெயில் அந்தப் பக்கம்தான். கம்பளியைக் கொண்டு வாருங்கள். ஜூலையில் இங்கேயும் கடற்காற்று குளிரும். சாப்பிட எதையும் கட்டிக்கொண்டு அலைய வேண்டாம், வழியெல்லாம் முந்திரிப் பருப்பு விற்பார்கள்.

என்றைக்கு என்று எழுத வேண்டாம். நாள் குறித்தால் உங்களுக்குக் கதவு சாத்தும் வேலை வந்துவிடும். அந்தப் பஸ் வெள்ளிக்கிழமை சாயங்காலம் இன்யாம்பானே வந்து சேரும். தவிடு வாங்க எனக்கும் வெள்ளிக்கிழமைதான் ஊருக்குப் போகும் வேலை. இந்த வெள்ளி மட்டுமில்லை, எல்லா வெள்ளியும்.

நீங்கள் எந்தப் பாதையில் இருந்தாலும் உங்கள் கால் வழுக்காமல் இருக்கட்டும்.

மோசாவின் அம்மா,
கெனுவே